காப்புக் கட்டிய தெரு

பம்பைச் சத்தம் தெருமுனையில் திடுமென்று வெடித்தது. கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள் பாண்டிச்செல்வி.

விடிந்தால் உள்ளாட்சித் தேர்தல். பிரசாரம் ஓய்ந்துவிட்டது. இந்த நேரத்தில் லைன் தெருவுக்குள் ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஓட்டுக்குப் பணக் கவரோடுதான் வருவார்கள் என்று அவள் நினைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வந்தது கவர் அல்ல. பனையஞ்சேரி ஊரே வந்திருந்தது. முன்னால் பம்பைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் மஞ்சள் வேட்டியில் பூசாரி ஜீவானந்தம். அவருக்கும் பின்னால் வெள்ளைச் சட்டையில் லைன் வீடுகளின் சொந்தக்காரர் இளங்கோவன். அவர் மனைவி மஹாலட்சுமியின் கையில் தாம்பாளம், அதில் குவியலாக மஞ்சள் கயிறுகள்.

மஹாலட்சுமிதான் இரண்டாம் வார்டில் பாண்டிச்செல்வியை எதிர்த்து நிற்பவள். போட்டியே அவர்கள் இருவருக்கும்தான்.

"ஏல, இது என்ன மேளம்? காலி டிரம்ம உருட்டுத மாதிரி இருக்கு" என்றான் மாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்த வனமாமலை. கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். தெருவின் பையன்கள் எல்லாரும் நெல்லைச் சீமையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு மேளம் என்றால் நையாண்டி மேளம்தான்.

இளங்கோவன் கையை உயர்த்தினார். பம்பை நின்றது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இத்தினி வருஷமா இங்க கீறீங்க. செல்லியம்மன் திருவிழாவுக்கு உங்கள ஒரு வார்த்தை கூப்ட்டதில்ல. தப்பு எங்கள்துதான். ஆடில நடக்க வேண்டியது, தர்மகர்த்தா வூட்ல சாவு வுழுந்து தள்ளிப் போச்சு. இப்ப நாளைக்கும் நாளன்னிக்கும் லீவு. கூழு ஊத்துறோம், தீ மிதிக்கிறோம். இந்த வருஷத்துலருந்து நீங்களும் ஊருதான். வூட்டுக்கு வூடு காப்பு கட்டிக்கினு வந்துடுங்க."

மூன்றாம் வீட்டு மீனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. மகனும் மருமகளும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள். அவள் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்து இங்கேயே தங்கிவிட்டவள். தெருவில் நல்லது கெட்டதுக்கு அவள் சொல்தான் முன்னால் நிற்கும்.

"நம்மளையும் ஊருன்னு சொல்லிட்டாவளே" என்றாள் தரையைப் பார்த்தபடி.

வரிசையாகக் கைகள் நீண்டன. ஆண்களுக்குப் பூசாரி கட்டினார். பெண்களுக்கு மஹாலட்சுமி. பாண்டிச்செல்வியின் முறை வந்ததும் அவள் தயங்கினாள். மஹாலட்சுமி சிரித்தாள்.

"ஓட்டு வேற, சாமி வேற. கையக் குடு. உன் கையில கட்டாம போனா ஊர்ல என்னத்தான் பேசுவாங்க."

"கட்டுங்கக்கா. உங்க கையால கட்டுனா எனக்கு ராசிதான்."

"இறுக்கமாவே கட்டுறேன். அவுந்துடக் கூடாது பாரு."

மஞ்சள் கயிறு மணிக்கட்டில் பதிந்தது. பாண்டிச்செல்விக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் இசக்கியும் கட்டிக்கொண்டு நின்றான். கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் நாள் முழுக்க முகமூடி மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவன். அதைக் கழற்றிய பிறகும் அதிகம் பேச மாட்டான்.

லைன் தெரு ஒரு காலத்தில் இளங்கோவனின் நஞ்சை. பக்கத்து நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபோது மிஞ்சிய துண்டு. அதில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக, கீழும் மாடியுமாக அறைகளைக் கட்டி, மேலே ஷீட் போட்டு வாடகைக்கு விட்டார். ஊராட்சித் தண்ணீர்க் குழாய் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் மேடு, தண்ணீர் ஏறாது என்றார்கள். ஏறாத மேட்டுக்கு அவருடைய டேங்கர் லாரி மட்டும் நன்றாகவே ஏறியது. குடத்துக்கு இவ்வளவு என்று விற்றார். நெல் விளைந்தபோது கூட அந்த நிலம் அவருக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

மே தினத்தன்று கம்பெனி லீவு, ஊரில் கிராம சபை. அங்கே போய் எழுந்து நின்று குழாய் கேட்டவள் பாண்டிச்செல்வி. "வாடகைக்குக் கீறவங்க வூட்டுக்காரன்கிட்ட கேளும்மா. சபைல ஊர்க்காரங்க பேசுவாங்க" என்று இளங்கோவன் உட்கார வைத்தார். சபையே சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவு கதவாகத் தட்டினாள். சங்கரன்கோவிலிலும் நாங்குநேரியிலும் கிடந்த ஓட்டுகளையெல்லாம் இந்த ஊர்ப் பட்டியலுக்கு மாற்ற வைத்தாள். சலித்துக்கொண்டவர்களைக் கெஞ்சினாள், தூங்கியவர்களை எழுப்பினாள். ஒயர் கோக்கும் கம்பெனியில் லைனில் நிற்பவள் அவள். நூறு முனையை நூறு துளையில் சேர்த்துப் பழகிய கை.

தேர்தல் அறிவிப்பு வந்தபோது இரண்டாம் வார்டில் பாதிக்கு மேல் லைன் தெரு ஓட்டு. வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. மனு போட்டாள். சீப்புச் சின்னம் கிடைத்தது. பையன்கள் சட்டைப் பையில் சீப்பைச் செருகிக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தால் முதல் வேலை குழாய். அவள் வேறு எதையும் சொல்லவில்லை. தெருவும் வேறு எதையும் கேட்கவில்லை.

பம்பைக்காரர்கள் போன பிறகு மீனம்மாள் மெதுவாக அவளிடம் வந்தாள்.

"ஏட்டி செல்வி, காப்பு கட்டியாச்சே. நாளைக்கு ஓட்டுப் போடுத பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்லா இருக்கு."

"அதுக்கு என்ன சித்தி?"

"ஊரு எல்லைக்கல்லு ரோட்டுக்கு இந்தப் பக்கமே முடிஞ்சிருது. அதான் சொன்னேன்."

மீனம்மாள் அதற்கு மேல் நிற்கவில்லை. பாண்டிச்செல்வியின் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஒரு ஆளும் எல்லை தாண்ட மாட்டான். தளவாய் மாமா தாண்டினார். களக்காட்டில் மாடு பார்க்கப் போய்விட்டுத் திரும்பியவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. சாகிறவரை அவருக்குக் கஞ்சியைப் புகட்டத்தான் வேண்டியிருந்தது. சின்ன வயதில் அந்தக் கஞ்சி கடைவாயில் வழிவதை அவள் பார்த்திருக்கிறாள்.

சனிக்கிழமை விடிந்தது. ஏழு மணிக்கே வரிசையில் நிற்போம் என்று சொன்ன தெரு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. கூழுக்கு உலை கொதித்தது. பெண்கள் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் பையன்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"வனமாமலை, நீ என் பூத் ஏஜென்ட்ல. இன்னும் கெளம்பலையா?"

அவன் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"எப்படிக்கா? அம்மா போன் போட்டுக் கூடச் சொல்லுதா, தாண்டிராதலன்னு."

"ஒங்க அம்மாவுக்கு யாரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேன்."

வீடு வீடாகப் போனாள். ஒரே பதில்தான், சொல்லும் வாய்தான் வேறு. பச்சைப் பிள்ளை இருக்கு, மாசமா இருக்கேன், போன வருஷம்தான் ஆபரேஷன் ஆச்சு, சாமி காரியத்துல வெளையாட்டுக் கூடாது. யாரும் அவளை எதிர்த்துப் பேசவில்லை. எல்லாரும் பாவம்போல் முகத்தை வைத்துக்கொண்டு அவளை அனுப்பினார்கள்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. தெருமுனையில் போய் நின்றாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் குங்குமம் பூசிய எல்லைக்கல். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். இடையே கண்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடும் ஆறுவழிச் சாலை. ஊர்த் தெருப் பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கைகளிலும் மஞ்சள் கயிறு இருந்தது.

திரும்பி வீட்டுக்கு ஓடினாள். இசக்கி கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இங்கேருங்க, ஊர்க்காரங்க காப்போடதான் போறாவ. நான் கண்ணால பாத்தேன். நீங்களாவது வாங்க. நாம ரெண்டு பேரும் முன்னால போனா தெரு பின்னால வரும்."

அவன் நிமிரவில்லை. "நீ போயிட்டு வா செல்வி. நான் இங்கன இருந்து இவங்களச் சமாதானம் பண்ணிப் பாக்கேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாது. போ."

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. தெருவே கைவிட்டாலும் புருஷன் போ என்று சொல்லிவிட்டான். எல்லைக்கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தளவாய் மாமாவின் கடைவாய் கண் முன்னால் வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு சாலையில் இறங்கினாள். கண்டெய்னர்க்காரன் ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டே அவளை உரசிப் போனான்.

பள்ளிக்கூட அறையில் ஏஜென்ட்டுகள் உட்காரும் பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதுதான் அவளுடைய இடம். இளங்கோவனின் மகன் மோகன்ராஜ் அதில் தன் டிபன் பொட்டலத்தை வைத்திருந்தான்.

"வாங்கக்கா. உங்க ஆளுங்க யாரையும் காணோமே. தூங்கினு கீறாங்களா?"

அவள் நேரே மை வைக்கும் மேசைக்குப் போனாள். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். ஊராட்சிக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று என்று நிறத்துக்கு ஒன்றாகச் சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினர் சீட்டில் சீப்பின் மேல் முத்திரையைப் பதித்தாள். மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். பக்கத்து அறையில் ஓட்டுப் போட்டுவிட்டுப் பூசாரி ஜீவானந்தம் வெளியே வந்துகொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது.

"பூசாரியண்ணே, காப்பு கட்டிட்டு எல்லை தாண்டலாமா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லைக்கு இன்னாம்மா? கவுச்சி துண்ணக் கூடாது, சாராயம் கூடாது, பொம்பள பக்கம் போவக் கூடாது. எங்க ஊர்ல அவ்ளோதான். தாண்டக் கூடாதுன்னா நான் டூட்டிக்கு எப்டிப் போறது? எனக்கு நைட் ஷிப்ட் கீது."

அவள் வந்த வழியே ஓடினாள். இந்த முறை லாரிகளைக் கூடப் பார்க்கவில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கக் கத்தினாள்.

"இந்த ஊர்ல அந்தக் கட்டே கெடையாது. பூசாரியே ஓட்டுப் போட்டுட்டாரு. சித்தி, எந்திரிங்க. வனமாமலை, எல்லாரையும் கூட்டிட்டு வா. இன்னும் நேரம் கெடக்கு."

ஒருவரும் எழவில்லை. எல்லார் கண்ணும் அவள் விரல் மையில் இருந்தது.

மீனம்மாள்தான் பேசினாள். "அவுக சாமி, அவுகளப் பொறுத்துக்கும். நாம வாடகைக்கு வந்தவங்க. நம்மளப் பொறுக்குமா? நீ தாண்டிட்ட. இனி எங்க வீட்டுப் பிள்ளைகள நீ தொடாத. கொஞ்ச நாளைக்கு."

"என்ன சித்தி பேசுதீங்க? நாலு வருசமா தண்ணிக்கு நாம பட்டது போதாதா?"

"தண்ணியப் பத்தி இப்பப் பேசாத" என்று மீனம்மாள் சட்டென்று வெடித்தாள். பிறகு கூழ்ப் பானையை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததாகச் செல்போனில் செய்தி வந்தது. "நீங்க போனீங்களா?" என்று இசக்கியிடம் கேட்டாள். "போவணும்னுதான் பாத்தேன். பேசிட்டே இருந்ததுல நேரமாயிட்டு" என்றான். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. லைன் தெருவுக்கென்று ஒரு ஓரத்தில் கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். காப்பு அவிழ்க்கும்போது ஒவ்வொருவர் கயிற்றையும் வாங்கி மீனம்மாள் ஒரு சட்டியில் போட்டாள். பாண்டிச்செல்வி அவிழ்த்துக் கொடுத்ததை மட்டும் வாங்கவில்லை. "நீ தனியா எங்கயாவது போட்டுரு" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் அவள் சேலை தங்கள்மேல் படாமல் ஒதுங்கினார்கள். பிரசாரம் முடியும்வரை அவள் பின்னால் கொடி பிடித்து வந்தவர்கள். அவள் பிள்ளையில்லாதவள். அதையும் இதையும் சேர்த்து யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் முணுமுணுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை. அவள் லீவு போட்டுவிட்டு எண்ணும் மையத்துக்குத் தனியாகப் போனாள். ஒரு மேசையில் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினார்கள். மஹாலட்சுமியின் பூட்டுச் சின்னத்துக்குக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டார்கள். இவள் பக்கத்தில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. அது பறந்துவிடாமல் இருக்க அதிகாரி அதன் மேல் தன் பேனாவை வைத்தார்.

"இது மட்டும்தானா சார்?"

"இதுதாம்மா. யாராவது போட்டாத்தானே எண்ண முடியும்." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு ஓட்டு வேற வார்டுல இருக்குதா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வரும்போது வெடிச் சத்தம் ஊரையே தூக்கியது. மஹாலட்சுமி மாலையோடு டிராக்டரில் நின்று கும்பிட்டுக்கொண்டு போனாள். பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்தச் சொன்னாள். கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி அவளிடம் நீட்டினாள்.

"வச்சுக்கோ. ஒத்த ஓட்டுக்கு ஒத்தப் பூ."

டிராக்டர் முழுக்கச் சிரிப்பு. பூ கீழே விழுந்தது, டயர் ஏறிப் போனது. வீட்டுக்கு வந்தால் கதவுக் கொண்டியில் ஒரு சீப்புத் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லையெல்லாம் ஒடித்து ஒரே ஒரு பல்லை மட்டும் விட்டிருந்தார்கள். அது ஊர்ப் பையன்கள் வேலை என்று நினைத்து அவிழ்த்தாள். கட்டியிருந்தது கம்பெனியில் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டேக். அவள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் வனமாமலை அறைப் பையன்களிடம்தான் அந்த டேக் கிடக்கும்.

அன்று இரவு இசக்கி அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். அவள் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை டேங்கர் ஹாரன் கேட்டது. எப்போதும் வரும் நேரம் அல்ல. குடங்கள் மோதும் சத்தமும் ஓட்டமும் கேட்டன. பாண்டிச்செல்வி தன் குடத்தையும் சில்லறையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவே வரிசையில் நின்றது. யார் கையிலும் காசு இல்லை.

"இன்னையிலேருந்து தண்ணி இனாம்" என்று முன்னால் நின்ற பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். "தினமும் வருமாம். அஞ்சு வருசத்துக்கு." பின்னால் நிற்பது யார் என்று திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

பாண்டிச்செல்வி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எதற்காகக் கதவு கதவாகத் தட்டினாளோ அது லாரியில் ஏறி வாசலுக்கு வந்திருக்கிறது. ஜெயித்தவர்கள் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், தண்ணீர் வந்தால் சரி என்று கூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் பார்த்தாள். லாரியின் பின்னால் ஸ்டூல் போட்டு மோகன்ராஜ் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவரும் குடத்தை வைப்பதற்கு முன் அவனிடம் இடது கையை நீட்டினார்கள். அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திருப்பி நகக்கண்வரை பார்த்தான். பிறகு தலையாட்டினான். குழாய் திறந்தது. மீனம்மாள் தன் கையை நீட்டினாள். அவள் மகன் நீட்டினான், மருமகள் நீட்டினாள். மாடிப் பையன்கள் வரிசையாக நீட்டினார்கள். வனமாமலை இவளைப் பார்க்காமல் டிரம்மை உருட்டிக்கொண்டு போனான்.

அவள் முறை வந்தது. கையை நீட்டவில்லை. மோகன்ராஜே எட்டிப் பிடித்து விரலைப் பார்த்தான். மை இன்னும் கருகருவென்று இருந்தது.

"உனக்கு இல்லக்கா. பேச்சு பேச்சுதான். ஓட்டுப் போடாதவங்களுக்குத்தான் தண்ணி."

"யாருகிட்டப் பேசின பேச்சு?"

"தெருவே பேசுச்சு. போன புதன்கிழமை நீ ஷிப்ட்டுக்குப் போனப்ப. எங்களுக்கே ஓட்டுப் போடுங்கன்னு அப்பா கேட்டாரு. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்டி முழிக்கிறது, யாருக்கும் போடாம இருந்துடுறோம்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. காரணம் சொல்லாம சும்மா இருந்தா நீ வுட மாட்டியாம். அதுக்குத்தான் காப்பு."

அவள் திரும்பி மீனம்மாளைப் பார்த்தாள். மீனம்மாள் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள். குடம் தளும்பி அவள் சேலையை நனைத்தது.

"சாமி பேரச் சொன்னா உனக்கு மனசு நோகாதுன்னு நெனைச்சோம் செல்வி" என்றாள். "நீ ஜெயிச்சு, ஆபீசுக்கு அலைஞ்சு, என்னைக்குக் குழா வரும்? இவுக நாளைக்கே தாறோம்னாவ. எம் பேரனுக்குச் சொறி புண்ணா இருக்கு. அவனக் குளிப்பாட்ட வேண்டாமா?"

"அப்ப என்னைய எதுக்கு சித்தி ஒதுக்கி வச்சீங்க? எதுக்குப் பிள்ளையத் தொடாதன்னு சொன்னீங்க?"

மீனம்மாள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். காப்பு பொய் என்றால் கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம் என்று ஆகிவிடும். காப்பு மெய் என்றால் தாண்டியவளை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். தெரு அதை மெய்யாக்கிவிட்டது. அவளை ஒதுக்கியதில்தான் அவர்கள் சுத்தமாக இருந்தார்கள்.

"லைன நிறுத்தாதக்கா. நவுரு" என்றான் மோகன்ராஜ். "அடுத்தது யாரு?"

பாண்டிச்செல்வியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பெயிண்ட் கறை ஏறிய கை. நகம் வெட்டிச் சுத்தமாக இருந்த ஆள்காட்டி விரல்.

மோகன்ராஜ் பார்த்தான், தலையாட்டினான். "ஆங். உங்க வூட்டுக்கு இது போதும். குடத்த வை."

இசக்கி மனைவியின் இடுப்பிலிருந்து குடத்தை மெதுவாக வாங்கி லாரிக்கடியில் வைத்தான். தண்ணீர் விழுந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். புதன்கிழமைதான் அவனுக்கு வார லீவு. போன வாரமும் தெருவில்தான் இருந்தான்.

குடம் நிறைந்தது. அவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான். தெருவுக்குக் கேட்காத குரலில், அவளுக்காகப் பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்தவன்போலச் சொன்னான்:

"மத்த வீட்டுல எல்லாம் இருக்குத அத்தன விரலும் சுத்தமா இருக்கணும்னுட்டாவ. நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு விரல் போதும்னு நான்தான் பேசி முடிச்சேன், செல்வி."